வேண்டாம் என்று சொன்னவன்

மாமனாரின் இரண்டு மணிக்கட்டுகளிலும் வளையம் போட்டதுபோல ஒரு கறுத்த தடம் இருந்தது. கடலூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் சிதம்பரம் வீட்டுக்கு அவரை அழைத்து வந்த அன்று, சட்டை மாற்றிவிடும்போது அதைப் பார்த்தேன். தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் வைத்திருந்த நாட்களில், அரை மயக்கத்தில் அவர் குழாயைப் பிடுங்கப் போனாராம். அதனால் கைகளைத் துணி நாடாவால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். யார்மீதும் தப்பில்லை. பிடுங்கியிருந்தால் உயிர் போயிருக்கும். நான் தடத்தைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொரு வாட்டி அங்க கொண்டுபோவாதீங்க மாப்ள" என்றார். உடம்பு தேறினால் மறந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, "சரி மாமா" என்றேன்.

கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பாக்டரியில் வாழ்நாள் முழுக்க இயந்திரம் பார்த்தவர் அவர். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். எங்கள் கல்யாணத்தன்று மாதா கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, முன்வரிசையில் இருந்து அவர் ரகசியமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பின்வரிசை முழுவதும் சிரித்தது. அப்படிப்பட்ட மனிதருக்கு நுரையீரல் தடித்துச் சுருங்கிக்கொண்டே போகும் நோய் வந்தது. முதலில் படியேற முடியாமல் போனது. பிறகு ஜெப வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. கடைசியில், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திப் பேசுகிறவராகிவிட்டார். மாமியார் முன்பே போய்விட்டதால் எங்களோடு வந்து இருந்தார். கூடத்தில் கட்டில், பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம். மூக்கில் செருகிய குழாயோடு வாசல்வரை நடந்து, காய்கறிக்காரரிடம் பேரம் பேசிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருவார்.

அவர் கேட்டதை நான் மறந்தாலும் அவர் மறக்கவில்லை. ஒருநாள் மாலை என் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உங்க அப்பாவுக்கு என்னா ஆச்சுன்னு... நீங்க பாத்தீங்க. நானும் பாத்தேன்."

என் அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனை வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அப்பாவுக்கு டாக்டர்கள் நீட்டிய எல்லாவற்றிலும் நான் கையெழுத்துப் போட்டேன். குழாய், பிறகு கழுத்தில் துளை, பிறகு டயாலிசிஸ். போடாமல் விட என்னால் முடியவில்லை. அப்பா கடைசிவரை கண் திறக்கவேயில்லை. என்னை யாரும் குறை சொல்லவில்லை. 'மவன் கடைசி வரைக்கும் பாத்தான்' என்று காட்டுமன்னார்கோயிலில் சொந்தக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

"எனக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னா... எனக்காக வேணாம்னு சொல்ல... ஒரு ஆளு வேணும். நீங்க சொல்லணும்."

"உங்க மகன் இருக்காரே மாமா. உங்க பொண்ணு இருக்கா."

"பெத்ததுங்களால முடியாது மாப்ள. அதுங்களுக்கு மனசு கேக்காது. நீங்க நிலம் அளக்கறவரு. ரெண்டு பக்கமும் திட்டுனாலும்... கல்ல நட்டுட்டு வந்துடுவீங்க."

நான் சர்வேயர் என்பது உண்மை. திட்டு வாங்கிப் பழகியவன் என்பதும் உண்மை. அவர் அதை மெச்சித்தான் சொன்னார். ஆனால், பெத்ததுக்கு மனசு கேட்காது என்றால், எனக்குக் கேட்கும் என்று அவர் முடிவுகட்டியது எதை வைத்து? அன்று அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையாட்டினேன்.

அவரைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, தீராத நோயாளிகளின் வலியும் மூச்சுத்திணறலும் பார்ப்பதையே தன் வேலையாக வைத்திருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்கே வந்தார். எங்களைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்தே பேசினார். நோய் இனி எந்தப் பக்கம் போகும், மறுபடி குழாய் வைத்தால் கழற்ற முடியாமலே போக எவ்வளவு வாய்ப்பு, வைக்காவிட்டால் மூச்சுத்திணறலைத் தணிக்க என்னென்ன செய்ய முடியும் என்று நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு எது ரொம்ப முக்கியம் ஐயா?" என்று கேட்டார். மாமனார் யோசித்துவிட்டு, "கையி கட்டாம இருக்கணும். எம் புள்ளைங்க சத்தம் கேக்கணும்" என்றார். குவைத்தில் வேலை பார்த்த மாமனாரின் மகன், என் மச்சான், போனில் முகம் காட்டினார். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. இருந்தாலும் அவுரு இஷ்டம்" என்றார். சட்டப்படி எழுத வேண்டியதை எழுதி, வெளியாட்கள் இருவரின் சாட்சியோடு முறையாக முடித்தோம். அவர் சார்பில் பேச வேண்டியவன் என்று என் பெயர். அந்த நேரம் முழுவதும் என் மனைவி சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. டாக்டரம்மாவுக்குக் காபி கொடுக்கக்கூட எங்கள் மகளிடம்தான் கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவர் இருந்தார். எங்கள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வெள்ளை வேட்டி கட்டி, ஆக்சிஜன் சிலிண்டரோடு காரில் கோயிலுக்கு வந்தார். லால்பேட்டையிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவரும் பிரியாணியை டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் சாப்பிட்டார். அவை எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்த மாதங்கள். ஆனால் அந்த மாதங்களைத் தந்தது அவர் மறுபடி வேண்டாம் என்று சொன்ன அதே வென்டிலேட்டர்தான். என்னால் இன்றுவரை கடக்க முடியாத இடம் இதுதான்.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது. சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஒரு காலையில் உதடு நீலம் பாரித்து, வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டாள். நான் டாக்டரம்மாவை அழைத்தேன். "போன தடவ இருந்த நுரையீரல் இப்ப அவருக்கு இல்ல. குழாய் வச்சா எடுக்க முடியும்னு எனக்குத் தோணல. ஆனா நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன். அவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். வீட்லயே வச்சுக்கறீங்கன்னா நான் மருந்தோட கிளம்பி வரேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரை இறக்கப் போனவர்களை நான் கையமர்த்தினேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவங்க. போன தடவ பொழச்சு வந்தாரே! இப்பவும் வந்துடுவாரு. விடுங்க, தூக்கட்டும்."

நான் உள்ளே போய், "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டேன். அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. தலையை அசைத்தாரா, மூச்சுக்காகத் தலை ஆடியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டு வெளியே வந்து, "வேண்டாம், நீங்க போங்க" என்றேன். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப அந்தச் சந்தில் வெகுநேரமானது. அவ்வளவு நேரமும் நான் மனதை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

டாக்டரம்மா வந்து மார்ஃபின் மருந்து கொடுத்த பிறகு மூச்சின் தவிப்பு அடங்கியது. பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அன்றும் மறுநாள் காலையும் என் மனைவி அவர் கையை விடவில்லை. மகள் பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொன்னாள். மச்சானை ஸ்பீக்கரில் போட்டோம். அவர் குரலுக்கு மாமனாரின் புருவம் நெளிந்தது. மறுநாள் மதியம், கை கட்டப்படாமல், அவர் கேட்ட குரல்களுக்கு நடுவே போய்விட்டார். எல்லாம் அவர் கேட்டபடியே நடந்தது.

மச்சான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது உடம்பு குளிர்ப்பெட்டியில் இருந்தது. கடலூரில் மாமியாரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் முடியும்வரை என்னிடம் எதுவும் பேசவில்லை. மண் போட்டுவிட்டுக் கையில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டு வந்தவர், என் முன்னால் நின்றார்.

"ஆஸ்பத்திரில போட்டிருந்தா நான் வர்ற வரைக்கும் உசுரோட வச்சிருந்திருப்பாங்க. உங்க அப்பாவுக்கு எல்லாம் செஞ்சீங்க. பெத்த அப்பாவா இருந்தா வண்டிய திருப்பி அனுப்பியிருப்பீங்களா மச்சான்?"

அனுப்பியிருக்க மாட்டேன் என்பதுதான் பதில். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு மச்சான் தங்கையின் போனுக்குத்தான் பேசுவார். நான் எடுத்தால், "அவ இல்லியா?" என்பார். என் மனைவி என்னைக் குத்திப் பேசியதில்லை. சோறு போட்டாள், சட்டை தேய்த்தாள், சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் அப்பாவைப் பற்றிய பேச்சை என் முன்னால் எடுக்க மாட்டாள். நான் கூடத்துக்குள் வந்தால் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்த தாத்தா கதை பாதியில் நிற்கும். அந்த மௌனத்தை நான் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். வயல் வரப்பில் அளவுச் சங்கிலி பிடித்து நிற்கும்போதும் அந்தக் காலை திரும்ப வரும். அந்தத் தலையசைப்பை மறுபடி மறுபடி பார்ப்பேன். சில நாள் அது சம்மதம். சில நாள், கூட்டிக்கொண்டு போ என்ற கெஞ்சல்.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்குக் கடலூர் போயிருந்தோம். கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் என் மனைவி சொன்னாள்.

"அப்பா மொதல்ல என்னைத்தான் கேட்டாரு."

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரிலேந்து வந்த புதுசுல. காலு அமுக்கிட்டிருந்தேன். எனக்காக வேணாம்னு நீ சொல்லுவியாம்மான்னாரு. அப்படி எல்லாம் பேசாதப்பான்னு எழுந்து போயிட்டேன். அப்புறந்தான் உங்ககிட்ட கேட்டிருக்காரு."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"அன்னைக்கு வண்டி திரும்பிப் போச்சே, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. வாயில தூக்குங்க தூக்குங்கன்னு கத்துறேன். உள்ள நிம்மதி. அது எப்படிங்க சொல்றது? அண்ணன் உங்கள கேட்டப்பவும் நான் பேசல. பழி உங்க தலையிலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் தனியாகச் சுமந்ததை நினைத்தபோது, அவள் மௌனத்தைப் படிக்கத் தெரியாமல் ஒரே வீட்டில் இருந்ததற்காக இன்னொரு குற்றவுணர்வுதான் சேர்ந்தது. அங்கேயே நின்று அவள் குவைத்துக்குப் போன் போட்டாள். "அண்ணே, அப்பா என்கிட்டயும் கேட்டாரு" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மச்சான் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மச்சான்கிட்ட குடு" என்றார். நான் வாங்கினேன். "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இனிமேத்தான்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் அவளிடம் கேட்டேன், "எனக்கு ஒண்ணுன்னா நீ சொல்லுவியா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்விடவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சொல்றேன். என்னா வேணும், என்னா வேணாம்னு இப்பவே சொல்லுங்க."

அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் சரி என்றவன் நான். மாமனாருக்கு வேண்டாம் என்றவனும் நான்தான். எனக்கென்று அவள் கேட்டபோது வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. முட்லூர் போனது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோதும் அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தாள்.