மகளுக்கு ஒரு அவசரம்

காலை பதினொன்றே கால் மணிக்கு அந்தப் போன் வந்தது. போன ஜூன் மாதம், மூணாறுக்கு அப்பால் மாட்டுப்பட்டி போகிற வழியில், ஒரு முக்குக் கடை வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு உடுமலைப்பேட்டை பஸ் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. மகளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் கல்லூரி மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தேன்.

எங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். நெல்லும் தென்னையும்தான் பிழைப்பு. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். இரண்டையும் எழுதப் படிக்கத் தெரிந்தவள், டிகிரி முடித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். சரித்திரமும் தாவரவியலும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். இப்போது வந்திருக்கிற நாலு வருஷ டிகிரியில் அப்படிக் கலந்து படிக்க முடிகிறது. இரண்டு சின்னக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் போலிருந்தது. நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று கிளம்பினோம்.

முதலில் பார்த்தது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ளது. புதுக் கட்டடம். வாசலில் சந்தனம் கொடுத்தார்கள், ஜூஸ் கொடுத்தார்கள். காலேஜ் பஸ் எங்கள் தெருமுனை வரைக்கும் வரும் என்றார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. மகள் மட்டும், "லைப்ரரியப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள். சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவள் முகம் அப்போதே சுருங்கிவிட்டது. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டாவதுதான் இந்த மலைக் கல்லூரி. தகரக்கூரை போட்ட பழைய கட்டடங்கள், சுற்றிலும் தேயிலை, எந்நேரமும் மழை. லைப்ரரியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஒரு வாத்தியாரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவரும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் மெல்லப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஹாஸ்டல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். என் காலில் ஓர் அட்டை ஏறியிருந்தது. உப்புப் போட்டு எடுத்தார்கள். அதோடு என் மனதில் இந்தக் கல்லூரி முடிந்துபோனது.

"பன்னெண்டு மணி பஸ்ஸப் புடிக்கோணும், எந்திரி" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா. இவங்க பேசறதக் கேட்டுட்டு வர்றேன். உனக்கு எப்பப் பாரு அவசரம்."

"ஆமா, எனக்கு அவசரம்தான். உங்கப்பன் ஒண்டியா நாத்து நடறாரு. இங்க உக்காந்து கதை கேக்கறதுக்கா வந்தோம்?"

நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அவள் தன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் வேகமாக இறங்கி வந்துவிட்டேன்.

போனில் புது நம்பர். ஆண் குரல், மலையாளம். நடுநடுவே விட்டு விட்டுத்தான் கேட்டது. "மோளுடெ அம்மயல்லே... மோள்க்கு ஒரு அவசரம்... ஜீப்பு ரெடியாணு... இப்போ தன்னெ போணம்... அம்மைக்கு..."

விழுந்துவிட்டாளா, மயங்கிவிட்டாளா, பாம்பா? எதையும் கேட்கத் தோன்றவில்லை. "கூட்டிட்டுப் போங்க சார்! எனக்காக நிக்க வேண்டாம், ஒடனே கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினேன். லைன் போய்விட்டது. அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. மகளுடைய நம்பரைப் போட்டேன். என் தோளில் தொங்கிய அவளுடைய பைக்குள்ளிருந்தே அது அடித்தது.

அடுத்து என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். எடுத்தார். "பாப்பாவுக்கு ஏதோ அவசரமாமுங்க, ஜீப்புல கொண்டு போறாங்களாமுங்க" என்று சொன்னது அவருக்குக் கேட்டது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அதோடு லைன் அறுந்தது.

அங்கே நின்ற ஆட்டோவில் ஏறிக் கல்லூரி கேட்டுக்கு ஓடினேன். ஆபீசில் யாரும் இல்லை. காவலுக்கு இருந்தவர், ஒரு வாத்தியாரும் நாலைந்து பிள்ளைகளும் என் மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். வேறு விவரம் அவருக்குத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணா" என்றேன்.

ஆட்டோக்காரர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் போல. தெற்கத்திப் பேச்சு. பாதி வழியில் சொன்னார்: "ஏம்மா அழுதீக? நாம காலேஜுக்கு ஏறி வாறப்பவே அந்த ஜீப்பு எதுத்தாப்புல போச்சு. உள்ள பாட்டுப் படிச்சுக்கிட்டுல்லா போனாக. சீக்காளிய ஏத்திக்கிட்டு யாரும் பாட்டுப் படிப்பாகளா?"

எனக்கு வந்ததே கோபம். "உங்க வேலையப் பாத்து வண்டிய ஓட்டுங்க" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். நல்ல சேதியாகவே அது இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு என் பயம்தான் நிஜமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். மேசையில் இருந்த நர்சம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார். கல்லூரியிலிருந்து என்னதான் சொன்னார்கள்? நானும் கேட்டது கேட்டபடியே சொன்னேன். "மோள்க்கு ஒரு அவசரம்னு பறஞ்ஞு."

அவர் முகம் மலர்ந்தது. "அது நல்லதல்லே?" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அழுகிற பொம்பளையிடம் எதற்கு இப்படிச் சொல்கிறார்? அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மேலே பெரிய மலையாள எழுத்தில் இருந்த தலைப்பை எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி வாய்விட்டுப் படித்தேன். "தொழிலவசரங்கள்."

வேலை வாய்ப்புகள்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த வார்த்தை. எத்தனையோ விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். யாராவது தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்தியும் இருக்கிறேன். ஆனால் மகளுடைய பேரோடு சேர்ந்து வந்தபோது என் காது தமிழில் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

திரும்பிக் கல்லூரிக்கு வந்தபோது ஆபீஸ் அம்மா வந்திருந்தார். சரித்திர வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறையூர் முனியறைகளைப் பார்க்கப் போயிருக்கிறாராம். பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி வைத்த, ரொம்பப் பழங்காலத்துக் கல்லறைகள் அவை. ஜீப்பில் ஒரு இடம் மிச்சம் இருந்திருக்கிறது. சேரப்போகிற பெண்ணுக்கு நல்ல வாய்ப்பாயிற்றே என்று என்னிடம் சம்மதம் கேட்டிருக்கிறார். "அம்மை தன்னெயல்லே பறஞ்ஞது, வேகம் கொண்டுபோய்க்கோளான்" என்றார் ஆபீஸ் அம்மா. ஆமாம், நானேதான் சொன்னேன், சீக்கிரம் கொண்டுபோகச் சொல்லி.

"நாஞ் சொன்னேம்லாம்மா" என்றார் ஆட்டோக்காரர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நமக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மகள் பத்திரம். அப்பாடா என்று உட்காரலாம் என்றால் அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. போன் போட்டேன். எடுத்தது எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்.

"போனை மோட்டார் ரூம்லயே போட்டுட்டு ஓடிட்டாருங்க அக்கா. வயல்ல நின்னவரு அப்படியே கார எடுத்துட்டுப் போயிட்டாருங்க. பாப்பா இப்ப எப்படியிருக்குதுங்க? இங்க ஊரே களத்துல கூடி நிக்குதுங்க."

பாப்பா நல்லாயிருக்குது, தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றேன். "அப்ப எல்லாரையும் போகச் சொல்லீரட்டுங்களா?" என்றார்.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அப்புறம் காட்டு வழி. யானை நிற்கிற ரோடு. அதில் என் மனுஷன் மகளுக்கு என்ன ஆயிற்றோ என்ற ஒரே நினைப்போடு வண்டியை விரட்டிக்கொண்டு வருகிறார். நிறுத்திச் சொல்ல எந்த வழியும் இல்லை. வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஆபீஸ் அம்மா கொடுத்த சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தேன்.

நடந்துகொண்டே இன்னொன்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நல்ல சாக்கு. சேரும் முன்னாலேயே இப்படி ஒரு களேபரம், இந்த இடமே வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே, "மலையில என்ன இருக்குது, பக்கத்துலயே இருக்கட்டும்" என்று சொன்னவர்தான். இவ்வளவு பயந்து வந்த பிறகு மகள் பேச்சு எடுபடாது. நான் கேட்டது தானாகவே நடந்துவிடும். ஆனால் அதில் சந்தோஷப்பட முடியவில்லை. காலையில் அவள் உட்கார்ந்திருந்த லைப்ரரிக் கதவு திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். அவள் எடுத்துப் பார்த்த புத்தகம் தரையில் விரித்தபடியே இருந்தது. மழைச்சாரல் அடிக்கிறதே என்று அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஐந்து மணிவாக்கில் ஜீப் வந்தது. பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். எல்லோரும் இறங்கியாயிற்று. என் மகளைக் காணோம். வாத்தியார் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "மோள் அச்சன்டெ கூடெ வருந்நுண்டு" என்றார். அச்சன் என்றால் அப்பா. எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையை இரண்டு முறை மனதில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

இன்றும் புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுத்ததும், "மெதுவா, முழுசாச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். பெற்றவர்களுக்கு வருகிற அவசரமும் பிள்ளைகளுக்கு வருகிற அவசரமும் ஒரே மாதிரிதான் காதில் விழுகின்றன. எது எது என்று ஒரு நிமிஷம் பொறுத்துக் கேட்க வேண்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஜீப் வந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் கார் வந்தது. முதலில் மகள் இறங்கினாள். சுடிதாரெல்லாம் செம்மண். "அம்மா, அப்பா கால்ல செருப்பே இல்லம்மா" என்றாள். மறையூரில் ரோட்டோரப் பாறை மேல் இவள் டேப்பைப் பிடித்துக் கல்லை அளந்துகொண்டிருந்திருக்கிறாள். போகிற வழியில் இவர் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஆனால் கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் கீழேயே நின்றிருக்கிறார். வாத்தியார்தான் யாரோ நிற்கிறார்களே என்று காட்டினாராம்.

அவர் இறங்கினார். மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கால் வரைக்கும் காய்ந்த வயல் சேறு. என்னைப் பார்க்காமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். கால் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, அவசரம்னு அவங்க சொன்னது..."

"தெரியும் புள்ள" என்றார். "நீ சொன்ன அவசரத்தப் பாத்துட்டுத்தான் வர்றேன். பாறை மேல நின்னு பாப்பா அதட்டி அதட்டிக் கணக்குச் சொல்லிட்டு இருக்குது. ஊட்ல ஒரு நாளும் நான் அப்படிப் பாத்ததில்ல."

அவர் சட்டைப் பையைத் தடவிப் போனைத் தேடினார். இல்லை என்று ஞாபகம் வந்து கையை எடுத்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஈரத் தரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ் மூடறதுக்குள்ள போயி, சேத்தறதுக்கு என்னென்ன வேணும்னு கேட்டுட்டு வா. அப்படியே செருப்புக் கடை எங்க இருக்குதுன்னும் கேளு. இந்தக் குளுருக்குப் புள்ளைக்கும் நல்லதா ஒண்ணு வாங்கோணும்."