சின்ன துரை வாங்கிய வசவு

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலத்தில், எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்வேலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்துக்கு மட்டும் தோட்ட மேலாளரான பெரிய துரை வெளியே செல்லப் பாஸ் தந்தார். எங்கள் அணி தொடர்ந்து தோற்றுவந்ததால், அடுத்த ஆட்டமும் போனால் பாஸும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டம் பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊரில் நடந்தது. நான் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து நான்கே நாள். பெரிய கிராணி வெயிலுக்கு வர மறுத்ததால், உதவி மேலாளரும் அணியின் பயிற்சியாளருமான சின்ன துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது.

சின்ன துரை லண்டனில் ஒரு யூதத் தையற்காரரின் மகன். சம்பளத்துக்குப் பந்தாடியவர், வலது ஓரத்தில் ஒன்பது ஆண்டுகள் ஓடி, முழங்கால் கெட்டபின் தோட்டத்துக்கு வந்தவர். லண்டனில் ஆட்டங்கள் சனிக்கிழமைகளில் நடக்கும். அது யூதர்களின் ஓய்வுநாள் என்பதால், அவருடைய அப்பா ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லையாம்.

இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எங்கள் வலது ஓர ஆட்டக்காரர் மரியதாஸ் ஓரக்கோட்டுப் பக்கமே போகவில்லை. அங்கே நின்ற எதிரணிக் கூட்டம், “ஏய் கொக்குக்காலு! வேலிக்குள்ள ஓடுடா!” என்று கத்திக்கொண்டிருந்தது.

சின்ன துரை அவரிடம் நெடுநேரம் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்: “இங்கிலாந்தில் இவரையும் சற்று மரியாதைக் குறைவாகப் பேசினார்களாம்.”

“இதுக்கா இவ்ளோ நேரம்? எதையோ முழுங்குறீங்க கிராணியம்மா,” என்றார் மரியதாஸ்.

உண்மைதான். அத்தகைய சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னேன்: “‘அழுக்கு யூதப் பயலே, உன் ஊருக்கு ஓடுடா’ன்னு கத்துவாங்களாம். துரை பொறந்ததே அந்த ஊருலதானாம். அதனால ஓரக்கோட்டை இன்னும் ஒட்டிப் போய் ஓடுவாராம். கத்துறவனுக்குத்தான் முதல்ல மூச்சு வாங்குமாம்.”



“வெள்ளைக்காரனையே வெள்ளைக்காரன் திட்டுறானா?” என்றார் கோல்காப்பாளர் அந்தோணி. “நமக்கு மட்டும்தான்னு நெனச்சோமே லா!”

எல்லாரும் சிரித்தார்கள். அதை ஆங்கிலத்தில் சொன்னதும் சின்ன துரைதான் உரக்கச் சிரித்தார்.

பக்கம் மாறியதும் அந்தக் கூட்டமும் மரியதாஸைத் தேடி எதிர்ப்புற ஓரக்கோட்டுக்கு இடம்பெயர்ந்தது. அவர் அவர்களுடைய செருப்பு நுனியை உரசுவதுபோல் ஓடினார். அவர் அடித்துக் கொடுத்த இரண்டு பந்துகள் கோலாயின. பாஸ் தப்பியது.

ஆட்டம் முடிந்ததும் மரியதாஸ் மூச்சிரைக்க வந்தார். “இன்னிக்கு என்னை ஆறு விதமா திட்டினாங்க. துரைகிட்ட சொல்லுங்க. ஒண்ணையும் முழுங்காதீங்க.”

பிறர் பேச்சைச் சுமப்பவர், தமக்குப் பிடிக்காததை வழியில் இறக்கிவைக்கக் கூடாது. பின்னாளில் இலக்கிய வகுப்புக்கு வருமுன்பே நான் கற்ற பாடம் அது. ஆறையும் சொன்னேன். ஆறாவது அவரே கேட்டிராத வசவு; அதற்குச் சின்ன துரை எழுந்து நின்று கைதட்டினார்.