கூண்டு மூடி நாற்பத்தொரு மணித்தியாலம்

கூண்டு மூடிவிட்டது என்ற செய்தி என் தொலைபேசிக்கு வந்தபோது மாலை ஐந்து மணி பத்து நிமிடம். நான் கூடாரத்து வாசலில் குந்தியிருந்து, தேத்தண்ணிக்காகக் காஸ் அடுப்பில் பனியை உருக்கிக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைத்துப் பயனில்லை. நானே தனியாகக் கொண்டுபோய் வைத்த முதல் பொறி அது. வைத்து மூன்று மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் வேட்டைக்காரி ஆன கதை எங்கள் ஆட்களுக்கு இன்னும் விளங்குவதில்லை. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்து, ஓஸ்டர்முண்டிகனில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் கட்டி, கணவர், மகள், அம்மாவோடு இருக்கிறவள் நான். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொதி செய்யும் பகுதியில் வேலை. என் மேசைக்கு எதிர் மேசையில் நிற்பவள் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்த சுவிஸ்காரி, என் வயதுதான். ஒரு புரட்டாசி மாதம் அவளோடு மான் வேட்டைக்குச் சும்மா பார்க்கப் போனேன். விடியற்காலையில் ஒரு சத்தமும் இல்லாமல் ஒரே இடத்தில் நாலு மணித்தியாலம் படுத்திருந்தோம். அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அடுத்த வருடமே வேட்டைப் பரீட்சை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைக்காத வீட்டுக்குள் துவக்குப் பெட்டி வந்தபோது அம்மா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

எங்கள் கன்டோனில், அதாவது மாநிலத்தில், காலைக் கவ்வும் பொறிகளுக்குத் தடை. மரப்பெட்டிக் கூண்டு மட்டும் வைக்கலாம், அதற்கும் தனி அனுமதி எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கதவு உள்ள நீளமான பெட்டி. மிருகம் உள்ளே போய் நடுவில் உள்ள பலகையை மிதித்தால் இரண்டு கதவும் விழும், ஒரு சின்னக் கருவி தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். நாங்கள் பிடிக்கப் போனது மார்டரை. பார்வைக்குக் கீரியைப் போலிருக்கும், ஆனால் வால் புசுபுசுவென்று தடித்திருக்கும். ஊருக்குள் வந்து கார்களின் வயரைக் கடித்து வைப்பது அதுதான். மார்கழி, தை மாதங்களில் அதன் மயிர் நன்றாக அடர்ந்திருக்கும். எதிர் மேசைத் தோழி அந்தத் தோலில் தொப்பி தைப்பாள்.

தை மாதம் மூன்று நாள் லீவு எடுத்து இரண்டு பேரும் போவதென்றுதான் திட்டம். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அவள் ட்ராம் தரிப்பிடத்தில் ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

"நீ தனியாகப் போ. உனக்கு எல்லாம் தெரியும்தானே" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

நான் கூடாரம் அடித்த இடம், பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பழைய ஊசியிலைக் காட்டின் ஓரம். அங்கிருந்து நாற்பது நிமிடம் நடந்தால், குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு மாட்டுக் கொட்டில் வரும். அதன் பின்சுவரோடு கூண்டை வைத்திருந்தேன். இடையில் ஒரு ஒடுங்கிய ஓடை. கோடையில் தண்ணீர் ஓடும், குளிர்காலத்தில் மேலே இருக்கும் சரிவு முழுவதும் தன் பனியை அதற்குள்தான் கொட்டும். மத்தியானம் நான் அதைக் கடந்து போய் வந்தபோது அது ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் இரவுதான் பனி கொட்டும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் கூண்டை வைத்துவிட்டுத் திரும்பும்போதே தொடங்கிவிட்டது. காற்றும் சேர்ந்துகொண்டது.

செய்தி வந்ததும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, நெற்றி விளக்கைக் கட்டி, பனிச் சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். ஓடைக்கு இருபது அடி இருக்கும்போது காலுக்குக் கீழே 'வும்' என்று ஒரு சத்தம். பெரிய மெத்தையில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தது போல. வகுப்பில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: பனியின் அடித்தட்டு உடைகிறது, உடனே திரும்பு. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அடுத்த கணம் எனக்கு முன்னால் இருந்த ஓடை முழுவதும் வெள்ளைப் புகையாய்க் கீழே போனது. பெரிய சத்தம்கூட இல்லை. முகத்தில் குளிர்ந்த தூசு வந்து அடித்தது, அவ்வளவுதான். புகை அடங்கியபோது நான் மத்தியானம் நடந்த பாதை அங்கே இல்லை.

கூடாரத்துக்குத் திரும்பினேன். அந்தப் பள்ளத்தாக்கின் வனவிலங்குக் காவலருக்கு அழைப்பு எடுத்தேன். அனுமதி தரும்போது என்னோடு கதைத்தவர் அவர்தான், நிதானமான மனிதர். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் இப்போது நிற்பது பழைய காட்டுக்குள்ளா?"

"ஓம்."

"அங்கேயே இருங்கள், அந்த மரங்கள் சரிவை மறிக்கும். கீழே கிராமத்துக்கும் இறங்க வேண்டாம், அந்தப் பாதையும் சரிவுக்குக் கீழேதான் போகிறது. சாப்பாடு, காஸ் இருக்கிறதா?"

"இருக்கு. ஆனால் கூண்டு மூடிவிட்டது. உள்ளே மிருகம் இருக்கிறது."

"நானும் அங்கே வர முடியாது. யாரும் வர முடியாது. காலையில் கதைப்போம்."

மறுநாள் காலையில் கூடாரத்தின் பாதி உயரத்துக்குப் பனி ஏறியிருந்தது. ஒவ்வொரு மணித்தியாலமும் வெளியே வந்து சுற்றிவரத் தோண்டி எறிய வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் துணி கிழிந்துவிடும். எட்டு மணிக்குக் காவலர் எடுத்தார். பனிச்சரிவு அபாயம் நாலாம் படிக்கு ஏறிவிட்டது, ஐந்துதான் கடைசி. பள்ளத்தாக்கு வீதியையே பூட்டிவிட்டார்களாம். ஒவ்வொரு நாளும் கூண்டைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"சட்டம் எனக்குத் தெரியும். உங்களைத் தோண்டி எடுக்கச் சட்டத்தால் முடியாது. நீங்கள் போக மாட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

"போக மாட்டன்" என்றேன். வாய் தமிழில் சொல்லிவிட்டது. பிறகு அவருடைய மொழியில் திருப்பிச் சொன்னேன்.

அன்று முழுவதும் நான் செய்தது என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. பனி தோண்டினேன். பாணுக்குள் சம்பலை வைத்துச் சாப்பிட்டேன். சம்பல் உறைந்து கல்லாகிவிட்டதால் சேட்டுக்குள் வைத்துச் சூடாக்கினேன். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெட்டியை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே இருட்டாக இருந்தால் மிருகம் சுருண்டு படுத்துவிடும், பதறாது என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். அதையே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே ஒரு முட்டையும் கொஞ்சம் உலர்ந்த பிளம்ஸும் வைத்திருந்தேன். அதைத் தின்றிருக்கும். அதற்குப் பிறகு? தண்ணீருக்கு என்ன செய்யும்? பலகை இடுக்கால் பனி உள்ளே போகும், நக்கும் என்று நானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன். பலகை இடுக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாகச் செய்த பெட்டி அது. தோழியின் கை வேலை.

தோழிக்கு எடுத்தேன். "எதுவும் செய்யாதே. எனக்கும் இப்படி நடந்திருக்கலாம்" என்றாள். நடந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

மத்தியானம் கணவர் எடுத்தார். அவர் ஒரு நாளும் என் வேட்டையைத் தடுத்ததில்லை, ஒரு நாளும் கூட வந்ததும் இல்லை.

"நீர் உயிரோடை இருக்கிறீர்தானே, அது காணும். ஒரு சீவனுக்காக ஓடைக்குள்ளை இறங்கிப் போடாதையும்" என்றார்.

"அதைக் கொல்லத்தான் வந்தனான், இஞ்சருங்கோ. வந்து உடனை கொன்றிருந்தால் ஒரு நிமிசத்திலை முடிஞ்சிருக்கும்."

அவர், "அம்மாவிட்டைக் குடுக்கிறன்" என்று தொலைபேசியைக் கைமாற்றிவிட்டார்.

"ஊரிலை குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை இருந்தது காணாதெண்டே இப்ப பனிக்குள்ளை போய்க் கிடக்கிறாய்?" என்றார் அம்மா. பிறகு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்றார். கூண்டைப் பற்றி அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் மூன்று மணிபோலப் பனி கொஞ்சம் விட்டது. மேகம் விலகி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டிலின் கூரை தெரிந்தது. எவ்வளவு கிட்ட! கூப்பிட்டால் கேட்கும் தூரம் போல இருந்தது. நான் சப்பாத்துகளை மாட்டினேன். துவக்கையும் தோளில் போட்டேன். காட்டின் கடைசி மரம்வரை போனேன். காலுக்குக் கீழே ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் பத்து அடி போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்போது மேலே எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இன்னொரு சரிவு விழுந்து ஓடியது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பயத்தில் அழுதேனா, வெட்கத்தில் அழுதேனா, இன்றைக்கும் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டிருப்பாள் என்ற நினைவு வந்தது. திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் வானம் நீலமாக விடிந்தது. ஹெலிகொப்டரிலிருந்து சரிவுகளில் வெடி போட்டுப் பனியை இறக்கினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மரங்களிலிருந்து பனி பொலபொலவென்று கொட்டியது. ஒன்பதரைக்குக் காவலர் பனிச்சறுக்குப் பலகைகளில் மேலே ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தன் ஃபிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். பிறகு ஓடையை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடந்தோம். இறுகிப்போன பனிக்கட்டிகளுக்கு மேலால் கடக்க ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

கூண்டுக்கு மேல் இருந்த பனியைக் கையால் அள்ளி எறிந்தேன். பத்தேகால். செய்தி வந்து நாற்பத்தொரு மணித்தியாலம்.

முதலில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. செத்துவிட்டது என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால், செத்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். பிறகு உள்ளே இருந்து ஒரு சுரண்டல். மெதுவாக, விட்டு விட்டு.

அது சுருண்டு படுத்திருக்கவில்லை. கூண்டோடு கொண்டுவந்திருந்த கம்பிக் கூடையைக் கதவு வாயோடு வைத்துக் கதவைத் தூக்கியதும், வெளிச்சத்தைக் கண்டு கூடைக்குள் பாய்ந்தது. கதவின் உள்பக்கப் பலகையை விரல் ஆழத்துக்குக் கடித்துக் குடைந்திருந்தது. பலகையெல்லாம் இரத்தம். முன்பற்கள் உடைந்திருந்தன. ஒரு முன்காலில் நகங்களே இல்லை. தொண்டையில் உள்ள வெள்ளை மயிர் பழுப்பாகிப் போயிருந்தது. தோளில் ஒரு பக்கம் மயிர் தேய்ந்து வெறும் தோல் தெரிந்தது.

"விடலாமோ?" என்று கேட்டேன்.

காவலர் குனிந்து நேரம் எடுத்துப் பார்த்தார். "இந்தப் பல்லோடு அது வேட்டையாடாது. ஒரு கிழமையில் பட்டினியில் சாகும்."

"அப்ப நீங்கள் சுடுங்கோ. தயவு செய்து. என்ரை கை சரியில்லை."

நான் தமிழில் சொன்னதா, ஜெர்மனில் சொன்னதா என்று தெரியவில்லை, அவருக்கு விளங்கியது. அவர் தன் துவக்கைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"நான் சுட்டால் உங்களுக்கு இன்றைக்கு லேசாக இருக்கும். பிறகு இருக்காது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. "அவசரப்பட வேண்டாம். ஆனால் அதை இன்னும் காக்க வைக்க வேண்டாம்."

கையுறைகளைக் கழற்றி, கைகளைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கினேன். கூடைக்குள் அது மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. ஒரு வெடிதான். சரியான இடத்தில் பட்டது. அந்த ஒன்றாவது சரியாக நடந்தது.

காவலர் தன் புத்தகத்தில் எழுதினார்: நேரம், இடம், பெண் மார்டர், காரணம் பனிச்சரிவு. என்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருப்பதை எனக்கு வாசித்தும் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அதைக் குப்பையில் எறிய மனம் வராததால் தோழியின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளுடைய ஒரு கை மாக்கட்டில். நான் உரித்தேன், அவள் மற்றக் கையால் பிடித்துத் தந்தாள். மாசி மாதம் பள்ளத்தாக்கில் நடக்கும் தோல் சந்தைக்கு அவள் அதையும் மற்றத் தோல்களோடு எடுத்துப் போனாள். வாங்குபவர் மயிருக்குள் ஊதிப் பார்த்து, தேய்ந்த இடத்தைக் கண்டு, ஒரு பக்கம் தள்ளி வைத்தாராம். அவளிடமே அது இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

வேட்டையை நான் விடவில்லை. புரட்டாசியில் மானுக்குப் போகிறேன், சுடுகிறேன், சமைக்கிறேன். அம்மாவும் வெள்ளி தவிர்ந்த நாட்களில் ருசி பார்த்துவிட்டு உப்புக் காணாது என்கிறார். கூண்டு அனுமதியை மட்டும் பங்குனியில் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் படிவத்தில் காரணம் எழுத மூன்று வரி விட்டிருந்தார்கள். வேலைக்கு இடையில் ஒரு இடைவேளை முழுவதும் பேனாவோடு அதற்கு முன்னால் இருந்தேன். பேராபத்து என்று எழுதலாமா, நேரமில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டும் பொய். மூன்று வரியையும் வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை.