நாலு நாளில் நாலு கிலோ

சரோஜம்மாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்தவளில்லை. ஆனால் எண் தெரியும். நாட்றாம்பாளையத்தில் ரெண்டு மாட்டை வைத்துப் பால் ஊற்றுகிறவளுக்கு எண் தெரியாவிட்டால் ஏமாற்றிவிட மாட்டார்களா? அதனால் ஓசூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரேவதி எடை மெஷினை நீட்டியபோது கொஞ்சமும் மிரளாமல் வாங்கிக்கொண்டாள்.

புருஷன் சென்னப்பனுக்கு இதயத்தில் பம்பிங் கம்மி. பத்து நாள் படுத்துக் கிடந்து வீடு திரும்புகிற அன்று ரேவதி வந்தாள். மலைக்கிராமத்து நோயாளிகளை அலையவிடாமல் வீட்டில் வைத்தே கவனிக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"தினமும் காலையில வெறும் வயித்துல ஏறி நிக்கச் சொல்லி, எண்ணைப் போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்புங்கம்மா. மத்ததை நாங்க பாத்துக்குவோம். சரியில்லன்னா உடனே கூப்பிடுவோம். கூப்பிடலைன்னா நிம்மதியா இருங்க."

கையில் ஒரு தாளும் கொடுத்தாள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று அதில் இருந்திருக்கும். படிக்கத் தெரியாதவளிடம் தாளைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்களே, அந்தப் படிப்பை என்னவென்று சொல்வது! தாள் பீரோவுக்குள் போனது.

ரெண்டு மாசமாக ஐம்பத்திரண்டு கிலோதான். மூட்டை தூக்கின மனுசன் எலும்பும் தோலுமாகிவிட்டான். "பொண்டாட்டி சோறு போடறாளா இல்லையா?" என்று ஊரில் கேலி பேசினார்கள். சரோஜம்மாளுக்கு மானமே போயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை மெஷின் ஐம்பத்துமூன்று காட்டியது. மறுநாள் ஐம்பத்துநாலு.

"பாத்தீங்களா, உடம்பு தேறுது!" என்று துள்ளினாள். களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உப்பு தூக்கலாக வைத்தால்தான் அவனுக்கு இறங்கும். மூணாம் நாள் ஐம்பத்தைந்து. கால்கூடப் பூரித்திருந்தது. சதை பிடித்துவிட்டதென்று தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், பாவி மகள்.

"படுத்தா மூச்சு முட்டுது, சரோசா."

"மழை ஈரங்க. ஏதாவதுன்னா ரேவதி பொண்ணு கூப்பிட்டிருக்காதா?"

நாலாம் நாள் ஐம்பத்தாறு. அதையும் படம் பிடித்து அனுப்பினாள். மழையில் ஊர் டவர் படுத்துவிட்டது அவளுக்கு எங்கே தெரியும்? படத்துக்குக் கீழே குட்டிக் கடிகாரம் தெரிந்தது. அனுப்பிய நேரத்தைக் காட்டுகிறதென்று நினைத்துக்கொண்டாள். நாலு படமும் போனுக்குள்ளேயே கிடந்தன. போன் அடிக்கவில்லை. அவள் நிம்மதியாக இருந்தாள்.

அஞ்சாம் நாள் மெஷினில் ஏற அவனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மணி ஜீப் கொண்டுவந்தான். அஞ்செட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சென்னப்பன் அவள் மடியில் அடங்கிப்போனான்.

மறுநாள் சுடுகாட்டில் காரியத்தை முடித்துவிட்டு ஆண்கள் திரும்பிய நேரம் போன் அடித்தது. டவர் வந்துவிட்டிருந்தது.

"அம்மா, ரேவதி பேசறேன். நாலு படமும் இப்பதாம்மா வந்துச்சு. நாலு கிலோ ஏறியிருக்கு. அது சதை இல்லம்மா, உடம்புல தண்ணி கோக்குது. உப்பு துளிகூடக் கூடாது. உடனே கூட்டிட்டு வாங்க!"

அடுப்பில் கருவாட்டுச் சட்டி இன்னும் கழுவாமல் கிடந்தது. சரோஜம்மாள் அதையே பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"என் கையாலயே ஊட்டுனேன், கண்ணு," என்றாள்.