வடக்கே சூலம்

"மூச்சு வாங்கறதா, இல்லையா? நெஜத்தைச் சொல்லுங்கோ!"

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் நடைபாலத்தின் உச்சியில் நின்றுகொண்டு பஞ்சு கேட்கிறார். கேட்கப்பட்டவர் பாங்கில் ரிட்டையரான ஒரு பெரியவர். பதில் சொல்லக்கூட அவரிடம் மூச்சில்லை. "அவசரமே இல்லே. இறங்கிட்டு இன்னொரு தரம் ஏறுவோம்" என்கிறார் பஞ்சு. ஆபீசுக்கு ஓடும் கூட்டம் இருவரையும் இடித்துக்கொண்டு போகிறது. பஞ்சுவோடு வட இந்தியா பார்க்கப் போக வேண்டுமென்றால் முதலில் இந்தப் பாலத்தில் தேற வேண்டும். "ஃபதேபூர் சிக்ரி வாசலுக்கு எத்தனை படி தெரியுமோ? பாதியிலே முழங்காலைப் பிடிச்சுண்டு உக்காந்தா, நானா தூக்கிண்டு போவேன்?"

பஞ்சாபகேசன் என்ற முழுப் பெயர் ஆதார் அட்டையோடு சரி. கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் எல்லோருக்கும் பஞ்சுதான். மருந்துக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். கம்பெனியை மூடியதும், சொந்தக்காரர்கள் சிலரை டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் கூட்டிப் போய்வந்தார். அதுவே தொழிலாகிவிட்டது. ஆபீஸ் கிடையாது, காபிக் கடை வாசலில் நின்றபடியே எல்லாம் முடிந்துவிடும். சமையலுக்கு சாய்நாத் என்று ஓர் ஆள் கூடவே வருவார். சின்னத் தூக்கு ஒன்றில் உறைமோரும் மும்பையிலிருந்தே ரயிலேறும். ஆக்ராவில் தயிர் கிடைக்காதா என்று கேட்டேன். "கெடைக்கும். சக்கரையைப் போட்டுத் தருவான்" என்றார், ஏதோ குற்றத்தைச் சொல்வதுபோல.

சரித்திரத்தை அவர் பம்பாய்க் கணக்கில்தான் சொல்வார். குதுப் மினார் வடாலாவில் புதிதாக எழும்பியிருக்கும் டவர் உயரம், "ஆனா லிஃப்ட் கெடையாது." ஃபதேபூர் சிக்ரி? "ஊரையே கட்டிட்டான். அப்புறம்னா தண்ணி இல்லேன்னு தெரிஞ்சுது! டோம்பிவிலி பில்டர் தோத்தான் போங்கோ." ஹுமாயூன் சமாதி முன்னால் மட்டும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார். "இது பொண்டாட்டி புருஷனுக்குக் கட்டினது. யாராவது பேசறாளா? புருஷன் கட்டினா மட்டும் உலக அதிசயம்."

அவரிடம் ஒரு பெரிய குறை உண்டு. தப்பு என்று எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ரயில் தாமதித்தால் அது ரயில்வேயின் தப்பு. ரசம் கரித்தால் அந்த ஊர்த் தண்ணீரின் தப்பு. அவரோடு போய்வந்தவர்களில் ஒருவர்கூட அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் நானும் அவர் கூட்டத்தோடு போனேன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவருக்கு இந்த முறை செவ்வாய்க்கிழமை ரயிலில்தான் இடம் கிடைத்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. "வடக்கே போற யாத்திரையை சூலத்திலேயா ஆரம்பிக்கறது?" என்று அத்தனை டிக்கெட்டையும் கேன்சல் செய்து வியாழக்கிழமைக்கு மாற்றினார். ஒரு வாய் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும், பரிகாரம் ஆயிற்று என்று அதே பஞ்சாங்கம்தான் சொல்கிறது. பஞ்சுவுக்கு அரைகுறைப் பரிகாரமெல்லாம் பிடிக்காது. ராகுகாலம் பார்த்தார், எமகண்டம் பார்த்தார். வியாழன் மாலை கிளம்பி வெள்ளி காலை ஆக்ராவில் இறங்கினோம்.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

"ஆஜ் பந்த் ஹை, அங்கிள்" என்று ஆட்டோக்காரன் சிரித்தான். கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். "கவர்மென்ட்டுக்கு ஒரு போர்டு வெக்கத் துப்பில்லே!" என்று பஞ்சு பதிலுக்குக் கத்தினார். போர்டு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கத்தாமல் நின்றவர் கனகவள்ளி ஒருவர்தான். தாராவியில் இட்லி அவித்து விற்பவர். நடைபாலத்தில் அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சோதனை வைத்த பஞ்சு பாதியில் நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தாராம். டெல்லி, குதுப் மினார் எதிலும் கனகவள்ளிக்கு ஆசையில்லை. ரயிலில் என்னிடம் சொல்லியிருந்தார்: "பத்துக்குப் பத்து வீட்டுல புள்ளகுட்டியோட இம்புட்டு வருசம் கெடந்தாச்சு. ஒருத்தன் பொண்டாட்டிக்குன்னு எம்புட்டுப் பெருசா கட்டிருக்கான்னு ஒரு மட்டம் தொட்டுப் பாக்கணும்லா? இந்த ஒரு மட்டந்தான். கடய மூடிட்டு இன்னொரு மட்டம் யாரு விடுவா?"

சாயங்காலம் பஞ்சு எல்லோரையும் யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாஜ்மகால் முழுசாகத் தெரிந்தது. எல்லோரும் செல்ஃபி எடுத்துச் சமாதானம் ஆனார்கள். "பாத்தேளா, முன்பக்கத்தைவிட இதான் ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ் வியூ" என்று பஞ்சுவுக்குக் குரல்கூடத் திரும்பிவிட்டது. கனகவள்ளி கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆத்துக்கு அந்தாலல்லா இருக்கு" என்றார். பிறகு, "சரி விடுங்க அண்ணாச்சி. நமக்கு இம்புட்டுத்தான் கொடுத்துவச்சிருக்கு" என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திட்டியிருந்தால் பஞ்சு திருப்பித் திட்டியிருப்பார். இப்போது டிரைவரிடம் போய் பஸ்ஸை எடுக்கச் சொன்னார். எனக்கு அன்று அவர்மேல் சரியான கோபம். அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

சனிக்கிழமை காலை டெல்லிக்குப் போகும் பஸ் தயாராக நின்றது. டெல்லி ஹோட்டல், திரும்பும் ரயில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டதால் கூட்டத்தில் யாரும் தங்கத் தயாராக இல்லை. பஞ்சு ஏறவில்லை. உறைமோர்த் தூக்கை சாய்நாத் கையில் கொடுத்தார். "நீ இவாளை அழைச்சுண்டு போ. ஹுமாயூன் சமாதி பொண்டாட்டி கட்டினதுன்னு மறக்காமே சொல்லு." பிறகு ஜன்னலைத் தட்டினார். "கனகவள்ளியம்மா, இறங்குங்கோ. நாம சாயங்கால ரயில்லே போய் இவாளைப் பிடிச்சுக்கலாம்." அவர் இல்லாமல் கூட்டம் நகர்வது அதுதான் முதல் தடவை என்று சாய்நாத் பின்னால் சொன்னார். முன் சீட்டிலிருந்து ஒரு மாமா, "பணம் கட்டினவாளை நட்டாத்துலே விட்டுட்டு..." என்று ஆரம்பித்தார். பஞ்சு காது கொடுக்கவில்லை. நானும் இறங்கிக்கொண்டேன்.

சிவப்புக்கல் வாசலைத் தாண்டியதும் கனகவள்ளி நின்றுவிட்டார். ஏதாவது டவர், பில்டர் என்று பஞ்சு ஆரம்பிக்கப் போகிறாரே என்று எனக்குப் பயம். அவரோ செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைக் கையால் விலக்கி அந்தம்மாவுக்கு வழி பண்ணினார். நீர்த்தொட்டி ஓரமாக மெதுவாக நடந்து வெள்ளை மேடையின் அடிக்கு வந்தோம். செருப்பின்மேல் துணி உறை மாட்டிக்கொண்டுதான் மேலே ஏறலாம். நான் மாட்டிக்கொண்டேன். கனகவள்ளியின் கையில் கொடுத்த உறை அப்படியே இருந்தது. அண்ணாந்து பார்த்த முகம் அண்ணாந்தபடியே நிற்க, கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கழுத்துவரை வந்துவிட்டது.

பஞ்சு அவர் கையிலிருந்து உறையை வாங்கினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே தரையில் முட்டி போட்டார். காலில் கை பட்டதும் கனகவள்ளி திடுக்கிட்டார். "அய்யய்யோ அண்ணாச்சி! நீங்க போயி எங்கால... எந்திங்க! யாராவது பாத்தா என்ன நெனப்பாவ?" என்று காலை இழுத்தார். பஞ்சு குதிகாலை விடவில்லை. தேய்ந்துபோன அந்த ரப்பர் செருப்போடு சேர்த்து உறையை மாட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"தோளைப் பிடிச்சுக்கோங்கோ" என்றார். "அந்தக் காலைக் குடுங்கோ."