மீட்டிங்கில் இருக்கும் அம்மா

பினாங்கில் கைக்குழந்தையோடு லிஃப்டில் ஏறினால், குழந்தை யார் ஜாடை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் திருப்பூரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திராமல், மூக்கு அப்பனுக்கு, நெற்றி மாமியாருக்கு என்று அவர்களே பங்கும் பிரித்துவிடுவார்கள். இங்கே கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "பாப்பாவ யாரு ஜாகா பண்றது?" ஜாகா என்றால் பார்த்துக்கொள்வது. சீனர் மலாயில் கேட்பார், மலாய்க்காரர் ஆங்கிலத்தில் கேட்பார், நம்மவர்கள் மூன்று மொழியையும் கலந்து கேட்பார்கள். "நான்தான்" என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "வேலைக்குப் போகலயா?" என்பார்கள் அடுத்து. இல்லை என்று சொல்வதற்குள் அவர்கள் மாடி வந்துவிடும். பெற்றவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் இவர்களுக்கு அப்படி என்ன அதிசயம் என்று நானும் என் கணவர் பிரபுவும் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டோம். எனக்கு அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

முறைப்படி பார்த்தால் என் பிரசவம் இங்கே நடந்திருக்கவே கூடாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். ஆனால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதால் விமானத்தில் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சரி, அம்மாவாவது இங்கே வரட்டும் என்று டிக்கெட் போட்டோம். அம்மா சுக்கு, ஓமம், திப்பிலி எல்லாம் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். கிளம்ப வேண்டிய வாரத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பொட்டலங்கள் மட்டும் கூரியரில் வந்து சேர்ந்தன. எதை எப்போது அரைத்துக் குடிப்பது என்று அம்மா வீடியோ காலில் தினமும் பாடம் நடத்தினாள். கடைசியில், "நல்லா இருக்கயா கண்ணு?" என்பாள். "நல்லா இருக்கேன்மா" என்பேன். வெளிநாட்டில் இருக்கும் எவருக்கும் இந்த வசனத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையில் நான் நன்றாக இல்லை. என் மகள் யாழினியைப் பார்த்தால் எனக்குப் பாசமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யாரோ தங்கள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்துபோனது போல இருந்தது. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. குக்கர் விசில் அடித்தால் அழுகை வரும். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று அழுகை வரும். பிரபு காலையில் கடல் பாலம் கடந்து புக்கிட் தெங்காவிலுள்ள தொழிற்சாலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "சரியாயிடும்" என்பார். சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை சொல்வார். நல்ல மனிதர். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினார்.

இந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிரசவமான வீட்டுக்கு அரசாங்க கிளினிக்கிலிருந்து தாதி தேடி வருவார். மிஸ்ஸி என்று அழைப்பார்கள். குழந்தையை எடை போடுவார், தொப்புளைப் பார்ப்பார், தாயிடம் நாலு வார்த்தை கேட்பார். எனக்கு அது பிடிபடவே இல்லை. ஊரில் வளர்ந்த எனக்கு, வீட்டுக்கு வருபவர் ஒன்று விருந்தாளி, இல்லையென்றால் சோதனைக்கு வரும் அதிகாரி. இவர் இரண்டுமாக இருந்ததால் இருமடங்கு தயாரானேன். மிஸ்ஸி வரும் நாளில் விடியும் முன்னே எழுந்து வீடு துடைத்தேன். அழுக்குத் துணிகளை வாஷிங் மெஷினுக்குள் திணித்து மூடினேன். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, எனக்கு இஸ்திரி போட்ட சுடிதார், நெற்றியில் பொட்டு. தட்டில் கேசரியும் வெங்காய பஜ்ஜியும் வேறு. பெண் பார்க்க வந்தபோதுகூட என் வீட்டில் இவ்வளவு தடபுடல் நடக்கவில்லை.

இரண்டு முறை மிஸ்ஸி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் முறை வந்தபோது பிரபுவும் வீட்டில் இருந்தார். மிஸ்ஸி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பஜ்ஜியைத் தொடவில்லை.

"ஹவுஸ் வெரி கிளீன்லா" என்றார்.

"தேங்க்யூ மிஸ்ஸி" என்றேன், பெருமையோடு.

"நோ, நோ. டூ கிளீன். பேபி ஸ்மால், நோ ஹெல்ப்பர், ஹவ் கேன்? மம்மி, யூ ஸ்லீப் ஆர் நாட்?"

பிரபு முந்திக்கொண்டு, "ஷீ இஸ் ஓகே, மிஸ்ஸி" என்றார்.

"ஐ ஆஸ்க் மம்மி" என்றார் மிஸ்ஸி, அவர் பக்கம் திரும்பாமலே.

தூங்குகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. மிஸ்ஸி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, நான் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிரபு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றார்.

கிளினிக்கில் மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. நிறையப் பேருக்கு வருகிறதாம், குணமாகிறதாம். என் தப்பு இல்லையாம். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றியது. மாத்திரை எழுதிக் கொடுத்தார், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். அதோடு, தினமும் சில மணி நேரம் வேறு யாராவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மா கட்டாயம் தூங்க வேண்டும் என்றார். மாத்திரை மருந்துக்கடையில் கிடைத்துவிட்டது. ஆளுக்கு எங்கே போவது?

"வேணும்னா ஊருக்குப் போயிடறயா?" என்று கேட்டார் பிரபு. போனால் அம்மாவுக்கு அப்பா, யாழினி, நான் என்று மூன்று கைக்குழந்தைகள். எப்போது திரும்புவேன், எப்படித் திரும்புவேன் என்று யாருக்கும் தெரியாது. நேற்றுத்தான் தொடங்கிய எங்கள் குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துவிடுமோ என்று பயந்தேன். இங்கேயே ஆள் தேடலாம் என்றேன்.

குழந்தைகள் காப்பகத்தை இங்கே தஸ்கா என்பார்கள். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும், "மம்மி வேர் வொர்க்?" என்பதுதான் முதல் கேள்வி. வேலை இல்லை என்றதும், வேலைக்குப் போகும் தாய்மார்களே வரிசையில் நிற்கிறார்கள் என்று இனிமையாகச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் தூங்குவதற்காகக் குழந்தையை விட வந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியில் ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார். விமலா அக்கா வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதை நாங்கள்தான் கவனிக்கவில்லை. போய் நின்றதும், "என்னாம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அக்காவும் அந்தக் கேள்விக்கே வந்தார்.

"வேலைக்குப் போகப் போறீங்களா?"

நான் விழிப்பதற்குள் பிரபு, "ஆமாக்கா, வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை. காலைல ஃபுல்லா மீட்டிங்" என்று அடித்துவிட்டார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உருப்படியான பொய் அதுதான்.

"அப்படியா, சரிலா, கொண்டாங்க" என்று அக்கா கையை நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் மீட்டிங்குக்குப் போனேன். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் விழுந்தால் மதியம்வரை மீட்டிங். ஆரம்பத்தில் தூங்காமல் வெறுமனே படுத்திருந்தேன். பிறகு தூங்கினேன். அக்கா என் உத்தியோகத்தைப் பற்றி மாடி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டதால், நடைபாதையில் பார்க்கிறவர்கள் எனக்கு மரியாதையாகத் தலையசைத்தார்கள். கன்னத்தில் தலையணைத் தடத்தோடு குழந்தையை வாங்கப் போனால், "இன்னைக்கு மீட்டிங் ரொம்ப ஹெவியாம்மா?" என்பார் அக்கா, இரக்கத்தோடு. ஒரு மதியம் யாழினி என்னைக் கண்டதும் காலை உதைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவள் என் குழந்தை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. காலையில் அழைத்தால், "பாப்பா தூங்கறா" என்பேன். உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தது யார் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன வாரம் அம்மா பிடிவாதமாக நின்றாள். "தூங்குனாலும் பரவால்ல, மொகத்தைக் காட்டு கண்ணு. கனா சரியில்ல." வேறு வழியில்லாமல் போனோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா மடியில் யாழினி கை சூப்பிக்கொண்டிருந்தாள்.

திரையில் அம்மாவைப் பார்த்ததும் அக்காவுக்கு உற்சாகம். "வணக்கம்மா! உங்க பொண்ணு ரொம்ப கெட்டிக்காரிலா. டெய்லி மீட்டிங்!"

"என்ன மீட்டிங்? நீ வேலைக்குப் போறயா? சொல்லவே இல்லையே!" என்றாள் அம்மா.

அவரவருக்கென்று தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்த இரண்டு பொய்கள் அங்கே நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. இனி மூன்றாவது ஒன்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லமா. தூங்கறதுக்குத்தான் பாப்பாவ இங்க விடறேன். பாப்பா பொறந்ததுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. டாக்டர்கிட்டப் போய்ட்டிருக்கேன். மாத்திரை சாப்பிடறேன்."

திரையில் அம்மாவின் படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அட, இதுக்கா மீட்டிங்? நான் பத்தாவது மாடி வரைக்கும் சொல்லி வச்சிட்டேனே!"

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். என்னிடம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அக்காவிடம் பேசினாள்.

"ஏனுங்கம்மா, இன்னைக்குப் பாப்பாவக் கொஞ்ச நேரம் சேத்தி வெச்சுக்குங்க. அவ நல்லாத் தூங்கட்டும்ங்க. அவளப் பெத்தப்ப எனக்கு இப்படி ஒருத்தர் அமையலைங்க."

"வச்சுக்கிறேன்மா, நீங்க கவலப்படாதீங்க" என்று அக்கா என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். அடுத்த நிமிடமே இருவரும் வசம்பு சுட்டுத் தேய்க்கலாமா கூடாதா என்று வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். நான் ஒருத்தி நிற்பதே அவர்களுக்கு மறந்துபோனது. என்னைப் பெற்றவளும் நான் பெற்றவளும் விமலா அக்கா வீட்டிலேயே இருக்க, நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன். நடைபாதைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் என் வீட்டார். கொஞ்ச நேரம் நடுவில் நின்றேன். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.