கேள்விக்குறியாக வந்த நிறங்கள்

எந்தப் பெட்டியில் எந்த நிறம், எந்த அளவு பனியன் போட வேண்டும் என்பதை எங்கள் கம்பெனியில் அலுவலகத்துக்குள் மட்டும் தெரியும் விக்கி தளத்தில் ஒரு பக்கமாகப் போட்டுவிடுவோம். பேக்கிங் பிரிவில் அதைத் திரையில் பார்த்துப் பெட்டி கட்டுவார்கள். வருகிற ஃபைலை அந்தப் பக்கமாக மாற்றும் ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஃபைலைத் தருகிறவர் முதலாளியின் மருமகன். யூனிகோடில் அடியுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய எழுத்துருதான் பழக்கம். "எனக்கு நல்லாத்தானுங்க தெரியுது" என்பார். அவர் கம்ப்யூட்டரில் தெரியும், ஏன் தெரியாது! ஒவ்வொரு தடவையும் நான்தான் கையால் சரிசெய்து ஸ்கிரிப்டில் போடுவேன்.

ஒருநாள் நான் லீவு. அன்றைக்கு வந்த ஃபைல் அப்படியே பக்கமாக மாறியதில், நிறத்தின் பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. வரிகளும் முறியாமல் எல்லாம் ஒரே வரியாக ஓடியிருந்தது. பேக்கிங் சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மகளோடு வந்து பிழைக்கிற அம்மா. மருமகனுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"போன தடவை மாதிரியே போடுங்க. சும்மா நொய்நொய்னு கேக்காதீங்க."

அந்த அம்மாவும் அப்படியே போட்டார். சரக்கு வெளிநாடு போய்ச் சேர்ந்ததும், நிறம் மொத்தமும் தப்பு என்று புகார் வந்தது.

முதலாளி அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மருமகன் அதோடு விட்டாரா? ஊர்க் கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த அம்மாவின் போட்டோவைப் போட்டு, "இவங்களை வேலைக்கு வெக்காதீங்க" என்று எழுதினார்.

எனக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். பழைய எழுத்துருவை ஸ்கிரிப்ட் யூனிகோட் என்று எண்ணிப் படித்ததில் எழுத்தெல்லாம் கெட்டிருந்தது. வரி முடிகிற இடத்தில் மருமகனின் மென்பொருள் வேறொரு குறியை வைத்திருந்ததால், ஸ்கிரிப்டுக்கு வரி முடிவதே தெரியவில்லை. இரண்டையும் முதலில் மாற்றிக்கொள்ளும்படி ஸ்கிரிப்டைத் திருத்தி, அதே ஃபைலை ஓட்டினேன். நிறங்கள் வரிவரியாக வந்தன.

முதலாளியிடம் காட்டி, அந்த அம்மா மேல் தப்பே இல்லை என்றேன். பொறுமையாகப் பார்த்தார்.

"அருமையா சரி பண்ணிட்டீங்க."

"குழுவுல இருந்து அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தா ஏனுன்னு கேப்பாங்கல்லங்க? எங்க ஊட்டு மாப்பிள்ளையைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" சிரித்துக்கொண்டே எனக்கு டீ சொன்னார். பாவி!

சாயங்காலம் அந்த அம்மாவே போன் செய்தார்.

"அண்ணாச்சி, பேக்கிங்ல சொன்னாங்க, என் மேல தப்பில்லன்னு ஆயிட்டாமே. நாளைக்கு வேலைக்கு வரட்டுமா?"

வேலை திரும்பக் கிடைக்காது என்று சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "வராதீங்க. இந்த ஊர்ல இனி ஒருத்தரும் உங்களை வேலைக்கு வெக்க மாட்டாங்க. வேற ஊரைப் பாருங்க."

"பிள்ளைக்கு இப்பத்தான் இங்க பள்ளிக்கூடத்துல இடம் கெடச்சுது, அண்ணாச்சி" என்றார்.